புது பேட் போட்டாச்சு... பெடல் ஏன் இறங்குது?

நாலு பேடும் புதுசு. வீலை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கை கழுவிவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால், பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போகிறது. வீட்டில் முதல்முறை பேட் மாற்றுகிறவர்களுக்கு நெஞ்சு திக்கென்று ஆகும் இடம் இது. உண்மையில் அந்த முதல் மிதி அப்படித்தான் போகும். ஆபத்து அதற்கு அடுத்து எடுக்கும் முடிவில் இருக்கிறது. ‘ஏர் புகுந்துருச்சு’ என்று பதறி, ஒழுங்காக இருந்த, ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்து நிஜமாகவே ஏரை உள்ளே விடுகிறவர்கள் உண்டு. ‘ஓட்ட ஓட்டச் சரியாயிரும்’ என்று கேட்டைத் திறந்து வண்டியைத் தெருவில் இறக்குகிறவர்களும் உண்டு. இரண்டாமவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

பேட் மாற்றும் வேலை கஷ்டமில்லை. கேலிபரில் ஒரு போல்ட், தூக்கிப் பிடிக்க ஒரு கை, பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு ஜி கிளாம்ப். பழசை எடுத்துப் புதுசை வைக்க ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் பேட் என்பது தனியாக இருக்கும் பொருள் இல்லை. கேலிபர் பின், பிஸ்டன், டிஸ்க், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பின்சக்கரத்து டிரம் எல்லாமே பழைய பேடின் தேய்மானத்துக்கு ஏற்பத் தங்களைப் பழக்கிக்கொண்டு பல வருடம் ஓடியவை. நடுவில் இருந்த ஒன்றை மட்டும் புதுசாக்கியதும், மற்றவற்றில் ஒளிந்திருந்த குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பேட் மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பலவற்றுக்குப் பேட் காரணமே இல்லை.

மம்சாபுரத்திலிருந்து புளியரை வரை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மலைப்பக்கமாக இருக்கும் பேரூராட்சி மம்சாபுரம். இரண்டு ஊருக்கும் நடுவில் தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, மில்லுக்கு, ஆண்டாள் கோயிலுக்கு என்று வண்டி ஓடுவதெல்லாம் சமதளத்தில். நாற்பது, ஐம்பது வேகத்தில் போய், வேகத்தடையில் மெல்ல அமுக்கி, கடைத்தெருவில் நின்று நின்று வரும் ஓட்டம். இந்த ஓட்டத்தில் அரைகுறை பிரேக்கும் நல்ல பிரேக் போலவே தெரியும்.

ஆனால் இந்தப் பக்கத்து வண்டிகள் சமதளத்தோடு நின்றுவிடுவதில்லை. திருமங்கலத்திலிருந்து கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, தென்காசி வழியாகக் கொல்லம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. முன்பு 208 என்ற எண்ணில் இருந்த அதே சாலை. ஆனி, ஆடியில் குற்றாலம். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்களோடு செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகச் சபரிமலை. சீசன் பயணத்துக்கு முன்னால்தான் ‘பிரேக்கைக் கொஞ்சம் பார்த்துருவோம்’ என்ற எண்ணம் வரும். அதனால் புது பேடின் முதல் பெரிய சோதனை, அதிலும் வீட்டுக்காரரே மாட்டிய பேடின் முதல் பெரிய சோதனை, மலைப்பாதையில் புளியரை எஸ் வளைவின் இறக்கத்தில், கேரளத்து லாரிகளுக்கு நடுவே நடக்கிறது.

அந்த இறக்கம் என்ன கேட்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்க வேண்டுமானால், பிரேக் ஏறத்தாழ 1,40,000 ஜூல் ஆற்றலைச் சூடாக மாற்ற வேண்டும். அதே கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 9,80,000 ஜூல். எஞ்சின் எதையும் பிடித்துக்கொடுக்காவிட்டால், ஏழு தடவை அறுபதிலிருந்து அடித்து நிறுத்திய சூட்டை டிஸ்க்கும் பேடும் சில நிமிடத்தில் வாங்குகின்றன. கீழ் கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். வீட்டு வாசலில் காட்டாத குறையை வண்டி மலையில் காட்டுவதும் இதனால்தான்.

முதல் மிதி

முதல் மிதி ஏன் தரைவரை போகிறது? தேய்ந்த பேடுக்குப் பின்னால் பிஸ்டன் நன்றாக வெளியே வந்து நின்றிருக்கும். புது பேட் 10, 12 மில்லிமீட்டர் தடிமன் என்பதால், அது உள்ளே போக இடம் வேண்டும் என்று பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து முழுக்க உள்ளே தள்ளுகிறோம். மாட்டி முடித்ததும் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் சில மில்லி மட்டுமே. இடைவெளியை அடைக்க அது போதாது. ஆகவே பல மிதி வேண்டும். பிஸ்டன் வந்து பேடைத் தொட்டதும் பெடல் மேலே கல்லாக நிற்கும். வண்டி அசைவதற்கு முன்னாலேயே, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கும் முன்னாலேயே இது நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பட்டறைக்காரர்களிலேயே பலர் சொல்ல மறக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய வண்டியில் அந்த முதல் சில மிதிகளைத் தரைவரை போட்டு அடிக்காதீர்கள். பத்து வருடம் ஓடிய காரில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தினமும் சிலிண்டரின் தொடக்கப் பகுதியில் மட்டுமே நகர்ந்திருக்கும். அது தொடாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலை ஓங்கித் தரைவரை மிதித்தால் கப் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறும், அதன் உதடு கிழியும். காலையில் நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் மாலையில் கெட்டுப்போனதற்கு ‘பேட் சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு, பாதி மிதியாக, நிதானமாகப் பதினைந்து, இருபது தடவை அமுக்குங்கள். நேரம் கூடுதலாகும். சிலிண்டர் பிழைக்கும்.

அதோடு ரிசர்வாயரையும் பார்க்க வேண்டும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். அது கசிவு இல்லை. தெரியாமல் நடுவில் யாராவது மேக்ஸ் கோடு வரை ஊற்றியிருந்தால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் திரும்பி வந்து பொங்கி வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் தேய்த்துப் பரப்ப வேண்டாம்.

பெடல் என்ன சொல்கிறது

பம்ப் அடித்த பிறகும் பெடல் சரியில்லை என்றால், அடுத்த வேலை ஸ்பேனரை எடுப்பது இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, அமைதியாக உட்கார்ந்து காலால் கவனிப்பது. கோளாறு எங்கே இருக்கிறது என்பதில் பாதிக்கு மேல் பெடலே சொல்லிவிடும்.

முதல் மிதியில் தாழ்ந்து போய், உடனே இன்னொரு தரம் மிதித்தால் உயர்ந்து கெட்டியாக நிற்கிறதா? அப்படியானால் அது ஏர் இல்லை, எங்கேயோ இடைவெளி. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் பேடைப் புதுசாக்கியவர் பின் டிரம்மைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். உள்ளே ஷூ தேய்ந்து, தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் தூசியிலும் துருவிலும் இறுகிப்போய், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் இப்போது மேலேயே நின்றால் குற்றவாளி பின் டிரம்தான். ஹேண்ட்பிரேக் வழக்கத்தைவிட அதிகப் பல் ஏறினாலும் அதே சேதிதான். முன்னால் எத்தனை உயர்ந்த பேட் போட்டாலும் இது தீராது.

எத்தனை தடவை மிதித்தாலும் பஞ்சை அமுக்குகிற மாதிரி மெத்தென்றே இருந்தால், அப்போது ஏரைச் சந்தேகிக்கலாம். ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும்: பேட் மட்டும் மாற்றிய வண்டியில் ஏர் எப்படி உள்ளே போகும்? நிப்பிளைத் திறந்திருக்க வேண்டும், ஹோஸைக் கழற்றியிருக்க வேண்டும், அல்லது ரிசர்வாயரில் ஆயில் வற்றியிருக்க வேண்டும். மூன்றும் நடக்கவில்லை என்றால் வீலைத் திரும்பக் கழற்றிப் பேட் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பிராக்கெட்டின் பள்ளத்தில் பேடின் காது முழுதாக இறங்காமல் சாய்ந்து நின்றாலும், பேடின் முதுகில் உள்ள ஷிம் தகடு மடங்கிச் சிக்கியிருந்தாலும், பேடின் இரும்புத் தகடு வில்லாக வளைந்து கொடுக்கும். அந்த வளைவுதான் காலுக்கு மெத்தென்று தெரிகிறது.

காலை ஒரே பலத்தில் ஒரு நிமிடம் வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறதா? நான்கு சக்கரத்தின் உட்புறத்தையும், பெடலுக்கு மேலே, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் கசிவு. எங்குமே ஈரமில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் பின்வாங்குகிறது. மேலே சொன்ன கிழிந்த கப் இதுவாக இருக்கலாம். இந்த வண்டியை ஓட்டவே கூடாது, தெருமுனை வரைகூட.

பெடல் கட்டைபோல் இறுகி நிற்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்பது வேறு கதை. எஞ்சின் ஓடாதபோது சில மிதிக்குப் பிறகு பெடல் இறுகுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இறுகிய பெடலை அமுக்கிப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸையோ பார்க்க வேண்டும். பூஸ்டர் நன்றாக இருந்தும் பிடிமானம் இல்லையென்றால், பேடின் முகத்தில் கிரீஸ் பட்டிருக்கலாம். அல்லது பேட் இன்னும் டிஸ்க்கோடு பழகாமல் இருக்கலாம்.

கழற்றிய பேடைத் தூக்கி எறியாதீர்கள்

பழைய பேடுகளை எந்தச் சக்கரத்தில், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று வரிசை மாறாமல் ஒரு பேப்பரில் அடுக்கி வையுங்கள். கேலிபரின் உடல்நிலை அந்த நான்கு துண்டுகளில் எழுதியிருக்கிறது. உள்பேட் தகடு வரை தேய்ந்து, வெளிபேட் பாதி மிச்சமிருந்தால், கேலிபர் தன் பின்களின் மேல் வழுக்கி நகரவில்லை என்று பொருள். ஒரே பேட் ஒரு ஓரம் மெலிந்து ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று இறுகியிருக்கிறது. இடது சக்கரத்துப் பேடும் வலது சக்கரத்துப் பேடும் வெகுவாக வேறுபட்டால், தேய்ந்த பக்கத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம், அல்லது தேயாத பக்கம் வேலையே செய்யாமல் இருந்திருக்கலாம்.

இதைப் பார்க்காமல் புது பேடைப் போட்டால், தேய்ந்த பழைய பேடில் கிடைத்துவந்த இடமும் போய்விடும். தடித்த புது பேட், நகராத கேலிபர்: சக்கரம் ஜாம். மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் ஒரு பக்க வீலிலிருந்து கருகல் வாடை வரும், வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை வெந்துவிடும். வீலுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனாலே இடது வலது வித்தியாசம் தெரியும்.

ஜாம் ஆன சக்கரத்தில் காரணம் தேட ஒரே ஒரு சோதனை போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையா? அந்தக் கேலிபரின் நிப்பிளைக் கால் சுற்று மட்டும் திறங்கள். ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஹோஸ் உள்ளே உரிந்து, போகிற ஆயிலை விட்டு, திரும்புகிற ஆயிலைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து இறுகியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு ஆயிலில் இல்லை. பின்னோ பிஸ்டனோ துருவில் பிடித்திருக்கிறது.

பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்வதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று பெரிய கேடு செய்கிறது. எதைத் துடைக்கவும் மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல். எதற்குப் பூசவும் டிராக்டருக்கு அடிக்கும் அதே கிரீஸ். பிரேக்கில் இருக்கும் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது; பட்டால் ஊதிப் பெருக்கும். பின்னைச் சுற்றிய ரப்பர் உறை ஊதினால் பின் முன்பைவிட மோசமாக இறுகும். பிரேக் கிளீனர் ஸ்பிரே, அல்லது சோப்புத் தண்ணீர். பூசுவதற்குக் கேலிபருக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. பல கேலிபர்களில் இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். மேலே இருந்ததை மேலேயே போடுங்கள், இடம் மாற்றாதீர்கள். பேடின் காது உட்காரும் பள்ளத்தில் துரு ஏறியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க வேண்டும். பேட் விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றிய பேட் திரும்பி வராது.

தேய்க்கும்போது வரும் கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள். டயர் கடைக்காரரின் ஏர் குழாயைப் பிடித்தும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் ஒன்று உண்டு, மலிவுச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்பது மாட்டுகிறவருக்குத் தெரியப்போவதில்லை. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

சத்தங்களில் எதற்குப் பயப்படலாம்

கீச்சென்ற சத்தம் எரிச்சல்தான், பல நேரம் ஆபத்து இல்லை. பழைய பேடின் முதுகில் இருந்த ஷிம் தகட்டைப் புதுசுக்கு மாற்ற மறந்திருப்பார்கள். தேய்மானம் காட்டும் நாக்குத் தகடு உள்ள பேடை இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் கீச்சிடும். மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் இரண்டு மூன்று பிரேக்குக்குச் சொரசொரவென்று ஒலிப்பது டிஸ்க்கின் மேல்துரு. ஐப்பசி, கார்த்திகையில் இது தினசரி நடக்கும்.

இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு வேறு. தென்னந்தோப்பு, மாந்தோப்புப் பாதையில் போய் வரும் வண்டியில், டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள மெல்லிய தகட்டுக்குள் சின்னக் கல் சிக்கிக்கொள்ளும். பிரேக் மிதிக்காதபோதும் உரசுகிறது என்றால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். வேலை செய்யும்போது கை பட்டு அந்தத் தகடே வளைந்து டிஸ்க்கைத் தொட்டிருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் கரகரப்பு என்றால் வண்டியை நகர்த்தாமல் வீலைக் கழற்றுங்கள். நம்பக் கஷ்டமாக இருந்தாலும், இரும்புத் தகடு டிஸ்க்கைப் பார்க்கிற மாதிரி பேடைத் திருப்பி மாட்டிவிடுவது நடக்கிறது. இருட்டில் அவசரமாகச் செய்த வேலையில் இன்னும் அதிகம் நடக்கிறது.

மிதிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது டிஸ்க்கிலேயே அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவுவது தப்பு, மாற்றத்தான் வேண்டும். தடிமன் சரியாக இருந்து புது ஆட்டம் வந்தால் வீல் நட்டைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி இறுக்காமல், எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று தவணையில், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கேலிபர் பின் போல்ட் அதைவிட மிகக் குறைந்த இறுக்கம் கேட்பது. வீல் நட்டுக்குக் காட்டும் பலத்தை அதில் காட்டினால் மரை போய்விடும்.

பழக்கம் வேண்டும் பேடுக்கும்

பேட் எதனால் ஆனது என்று தெரிந்தால், முதல் சில நாள் அது ஏன் மந்தமாக இருக்கிறது என்பதும் புரியும். இழைகள், உலோகத் தூள், கிராபைட் என்று பல சரக்கை பீனாலிக் பிசினில் கலந்து, அழுத்திச் சுட்டு எடுப்பதுதான் பேட். அதில் சேரும் ஒரு பொருள் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கெட்டிப்படுத்திய தூள். உரசலைச் சீராக வைக்க அது உதவுகிறது. நம் வாசல் வழியாகப் போகும் 744ஆம் எண் சாலை முடிகிற கொல்லம், முந்திரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். பிரேக் தொழிலுக்கும் நமக்கும் நெருக்கம் அதோடு நிற்கவில்லை. சென்னை பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா, 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று வளர்ந்த தமிழ்நாட்டுப் பிரேக் தொழிலின் ஒரு கிளை நம் விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிறது: காரியாபட்டிப் பக்கம் முஷ்டக்குறிச்சியில், டி.எஸ்.கே. புரம் என்ற இடத்தில் உள்ள சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆலைகள்.

லைனிங் என்ற யோசனையே வழியில் தவித்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது என்பார்கள். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். இறக்கங்களில் மரப் பிரேக் கட்டை தேய்ந்து போக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அதன் மேல் தோல் அடித்து வாங்கிக்கொண்டாராம். பட்டறை இல்லாத இடத்தில் தன் வண்டியின் பிரேக்கைத் தானே சரிசெய்ய முன்வந்தவர்களின் வரிசை அவரிடம் தொடங்குகிறது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். வீட்டில் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

புது பேடில் உள்ள பிசின் முதன்முதலாக நன்றாகச் சூடாகும்போது வாயு கக்கும். அந்த வாயு டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே நின்று பிடிமானத்தைக் கெடுக்கும். புது தோசைக்கல்லைப் பழக்குவதைப் போலப் பேடையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பழக்க வேண்டும். பெடல், கசிவு, சுழற்சி எல்லாம் சரியென்று உறுதியான பிறகு, விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேராக இருக்கும் சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு வரும்வரை மிதமாக அமுக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு அரை நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிடுங்கள். இருபது, முப்பது தடவை இப்படிச் செய்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் சீரான மெல்லிய படலமாக ஏறும். சூடாக இருக்கும்போது ஓங்கி மிதித்து அப்படியே காலை எடுக்காமல் நிற்பதுதான் கெடுதல். பேடின் தடம் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி, பின்னாளில் ‘டிஸ்க் வளைஞ்சிருச்சு’ என்று சொல்லப்படும் ஆட்டத்துக்கு அது விதை. முதல் 200, 300 கிலோமீட்டருக்கு மலை வேண்டாம். இன்று பேட் மாற்றி நாளை சபரிமலை கிளம்புவது கூடாது.

ஏர் எடுக்கத்தான் வேண்டும் என்றால்

உண்மையிலேயே ஏர் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு இரண்டு பேர் வேண்டும், நடுவில் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெடலுக்கு அடியில் அந்த மரக்கட்டை இப்போதும் இருக்கட்டும்.

“அமுத்துங்கண்ணே.”

“அமுத்திட்டேன்டா.”

“அப்படியே பிடிங்க... இறங்கும், காலை எடுத்துறாதீங்க.”

நிப்பிள் திறக்கிறது, குமிழோடு ஆயில் வருகிறது, நிப்பிள் மூடுகிறது.

“பூட்டியாச்சு. இப்ப விடுங்க.”

பூட்டியாச்சு என்ற சொல் வருவதற்கு முன்னால் அண்ணன் காலை எடுத்தால், வெளியே வந்த ஏர் திரும்ப உள்ளே போய்விடும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது இடது பின்சக்கரம். பழைய முறைப்படி அங்கிருந்து தொடங்குவார்கள். குறுக்குக் குழாய் அமைப்புள்ள வண்டிகளுக்கு வரிசை மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். நடுவில் ரிசர்வாயர் வற்றிவிடக் கூடாது. எத்தனை எடுத்தும் மெத்தென்ற பெடல் மாறவில்லை என்றால், கேலிபரைக் கழற்றியிருந்தவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: நிப்பிள் கேலிபரின் மேற்பக்கம் இருக்கிறதா? இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். ஏர் மேலே தங்கும். ஒரு லிட்டர் ஊற்றினாலும் அது வராது.

ஊற்றும் ஆயிலில் விளையாட்டு வேண்டவே வேண்டாம். ரிசர்வாயர் மூடியில் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருக்கும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரிதான். டாட் 4க்கு அது 230, 155. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். போன வருடம் பாதி ஊற்றி அலமாரியில் வைத்த பாட்டில் இந்த வருடம் ஆகாது. ஈரமேறிய ஆயில் சமதளத்தில் ஒரு குறையும் காட்டாது; மலை இறக்கத்தில் கேலிபருக்குள் கொதித்து ஆவியாகும், பெடல் காலுக்கடியில் காணாமல் போகும். பவர் ஸ்டியரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ ஒரு சொட்டு கலந்துவிட்டால் எல்லா ரப்பரும் போச்சு. அதற்குப் பிறகு ஏர் எடுத்துப் பயனில்லை.

வீட்டு வேலையை எங்கே நிறுத்துவது

2019 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளில் முன் பேட் மாற்றுவது பழைய மாதிரிதான். ஆனால் ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலோ ஏபிஎஸ் பெட்டிக்குள் ஏர் போனாலோ கம்ப்யூட்டர் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பட்டன் அமுக்கும் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் பின் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டுத் தள்ளவே கூடாது; பின்னால் டிஸ்க்கும் கைநெம்பு ஹேண்ட்பிரேக்கும் உள்ள பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். தள்ளினால் உள்ளே இருக்கும் இயக்க அமைப்பு உடையும்.

பேட் வாங்கும்போது கார் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் வேறு வேறு கேலிபர் வந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தின் சேசிஸ் எண்ணோடு, முடிந்தால் பழைய பேடையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பில் வாங்குங்கள். வேலைக்கு வண்டியைத் தூக்கும்போது கேட் வாசலின் சிமென்ட் சரிவில் நிறுத்தாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ உள்ளே கை விடாதீர்கள். வாரக்கணக்கில் சுமை தாங்கும் என்று நம்பும் செங்கல் ஒரு நொடியில் பிளக்கும்.

சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட் இறுக்கம், ஆயில் மட்டம், இரண்டு பக்கச் சூடு மூன்றையும் திரும்பப் பாருங்கள். அதுவரை போகவே முடியாமல், பெடல் இறங்குகிறது, காரணம் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ அரைமணி நேரத்தில் வந்துவிடலாம். பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி இன்னொரு காரால் இழுத்துப் போகும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. முன்வண்டி நின்றால் பின்வண்டி எதை வைத்து நிற்கும்? வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், அதை மேலே ஏற்றிப் போகும் மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள்.